கேட்டுச் சொல்லுங்கள்

(தலைப்பு: அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்கள் பிற இனத்தார் பெயர்களைச் சொல்ல வேண்டியது பெயர்க்காரர் நாவின்படியா? ஊரார் நாவின்படியா? 'பெயர்க்காரர் நாவின்படியே' என்ற அணியில், அமெரிக்கத் தமிழர் மேடையில் பேசியது.)

ஒரு கையில் தராசும் மறு கையில் மணியும் வைத்துக்கொண்டு, "இவன் எப்போது நேரத்தைத் தாண்டுவான்" என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் நடுவர் அவர்களே! எங்கள் அணிக்கு வெற்றியைத் தேடித் தருவதற்காகவே எதிரணியில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் என் அருமை நண்பர்களே! (சிரிப்பு) கடல் கடந்து வந்தும் தமிழைக் கைவிடாமல், கைக்குழந்தையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

இன்று காலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னை வீட்டில் தங்க வைத்திருக்கும் நண்பர் காபி வாங்கித் தருகிறேன் என்று கடைக்கு அழைத்துப் போனார். காசை வாங்கிக்கொண்ட பையன், "உங்கள் பெயர் என்ன சார்?" என்று கேட்டான். கோப்பையில் எழுத வேண்டுமாம். என் நண்பருக்கு அவர் தாத்தா வைத்தது முருகப்பெருமானின் பத்தெழுத்துப் பெயர். அவர் கொஞ்சமும் கூசாமல், "சாம்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். "யாருங்க சாம்?" என்றேன். "நான்தான் சார். காபிக்கு மட்டும் சாம்" என்றார். (சிரிப்பு) "அப்போ ஆபீசுக்கு?" "ஆபீசுக்குப் பாலா." "முழுப்பெயர் எங்கே சார் இருக்கு?" "பாஸ்போர்ட்ல பத்திரமா இருக்கு சார்!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தாத்தா ஆசையோடு வைத்த பத்தெழுத்தை ஒரு கோப்பைக் காபிக்காக இரண்டெழுத்தாக்கிக் கொடுக்கிறான் ஒரு தமிழன். ஏன்? "அந்தப் பையன் வாயில் நுழையாது சார்" என்கிறார். இந்த 'வாயில் நுழையாது' என்ற சொல்லைத்தான் எதிரணியினர் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தமிழில் 'வாயில்' என்றால் வாய்க்குள் என்றும் பொருள், வாசல் என்றும் பொருள். நான் எதிரணியைக் கேட்கிறேன். வாயில் நுழையவில்லையா, வாசலில் நுழைய விடவில்லையா? (கைதட்டல்) வாசலில் நுழைய விட்டால் வாயில் தானாக நுழையுமய்யா!

எதிரணித் தலைவர் ஐயா அவர்கள் சொன்னார்கள், "ஆங்கில நாக்குக்கு அந்த வளைவு வராது, பாவம், அந்தச் செய்தி வாசிக்கிற பெண் என்ன செய்வாள்?" என்று. ஐயா, நீங்கள் இரக்க குணம் உள்ளவர். ஆனால் அந்தப் பெண்ணின் நாக்கை நீங்கள் குறைவாக மதிப்பிட்டுவிட்டீர்கள். 2003 முதல் 2011 வரை கலிபோர்னியா மாநிலத்துக்கு ஆளுநராக இருந்தவர் பெயர் என்ன? அர்னால்ட் சுவார்செனேகர். ஆஸ்திரியாவில் பிறந்தவர். அந்தப் பெயரைச் சொல்ல வராது என்று ஒரு செய்தி வாசிப்பவராவது நாற்காலியை விட்டு எழுந்து போனதுண்டா?

சரி, அவர் சினிமாக்காரர், விடுங்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் 2022 வரை கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தாரே, மைக் ஷஷெஃப்ஸ்கி. போலந்து வம்சாவளி. அந்தப் பெயரை எழுதியிருப்பதைப் பார்த்தால் கே, ஆர், இசட், ஒய் என்று ஆரம்பிக்கும். கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் அட்டை மாதிரி இருக்கும்! (சிரிப்பு) ஆனால் இந்த நாட்டில் பத்து வயதுப் பையன்கூட அதைச் சரியாகச் சொல்வான். எப்படி? ஐந்து முறை தேசியக் கோப்பையைத் தூக்கியவர் அவர்.

இன்னும் ஒருவர். மில்வாக்கி அணியில் ஆடிய யானிஸ் அடெட்டோகூன்போ. நைஜீரியப் பெற்றோருக்குக் கிரேக்க நாட்டில் பிறந்தவர். அவர் பெயர் நைஜீரியாவின் யொரூபா மொழிப் பெயர். கிரேக்க எழுத்தில் நமக்குள்ளதைப் போலவே 'டி' ஒலிக்கென்று தனி எழுத்து கிடையாது. அதனால் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதினார்கள். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று என்று ஆகிவிட்டது. அந்த மனிதர் 2021இல் இறுதிப் போட்டியில் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்துத் தன் அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். அன்றிரவு மில்வாக்கியில் எந்த வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை? ஐயா, வென்றவன் பெயர் வாயில் நுழைகிறது. வேலைக்கு வந்தவன் பெயர்தான் நுழைய மாட்டேன் என்கிறது. ஆகவே குறை நாக்கில் இல்லை, நடுவர் அவர்களே. நாக்குக்கு எலும்பில்லை, எப்படியும் வளையும். வளைய மாட்டேன் என்பது மனம்! (பலத்த கைதட்டல்)

இங்கே எழுத்துக்கூட்டல் போட்டி என்று ஒன்று நடக்கிறது. 1985இல் பாலு நடராஜன் என்ற தமிழ்ச் சிறுவர் அதில் வென்றார். இந்திய வம்சாவளியில் முதல் வெற்றி அதுதான். அப்புறம் 2008இலிருந்து 2019 வரை ஓர் ஆண்டுகூட விடாமல், கோப்பையில் நம் பிள்ளைகளில் ஒருவர் கை இருந்தது. லத்தீன் சொல்லா, கிரேக்கச் சொல்லா, பிரெஞ்சா, ஜெர்மனா, அகராதியில் இருக்கிற எந்தச் சொல்லையும் அந்தப் பிள்ளை பிழையில்லாமல் சொல்லிவிட்டு வந்து நிற்கிறது. சொல்வதற்கு முன்னால் என்ன செய்கிறது தெரியுமா? "இந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லுங்கள். இது எந்த மொழியிலிருந்து வந்தது?" என்று கேட்கிறது. விதிப்படி கேட்கலாம். நான் சொல்கிறேன், அந்தப் பிள்ளையின் பெயரை வாசிக்கிறவரும் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு வாசிக்கட்டும். வேறொன்றும் வேண்டாம்! (கைதட்டல்)

அடுத்து எதிரணிச் சகோதரி வந்தார். நன்றாகப் பேசினார். "பிறமொழிப் பெயரை அந்த மொழிக்காரர் மாதிரியே உருட்டி உருட்டிச் சொல்வது வெறும் பகட்டு" என்றார். அதற்கு ஆதாரமும் காட்டினார். 1990இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் ஜிம்மி ஸ்மிட்ஸ் நடித்த அந்த நாடகம். ஒரு செய்தி அறை. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஸ்பானியச் சொற்களை மட்டும் நாக்கைச் சுழற்றிச் சுழற்றிச் சொல்கிறார்கள். உண்மையான லத்தீன் அமெரிக்கர் நடுவில் உட்கார்ந்து சங்கடப்படுகிறார். சகோதரி, நானும் பார்த்தேன், நானும் சிரித்தேன். ஆனால் அந்த நாடகம் எந்தப் பக்கத்துச் சாட்சி? அங்கே எல்லோரும் 'ர'கரத்தை உருட்டுகிறார்களே தவிர, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரை, "உங்களுக்கு எப்படி ஐயா சொன்னால் பிடிக்கும்?" என்று யாரும் கேட்கவில்லையே! பகட்டுக்காரன் பெயர்க்காரரைக் கேட்பதில்லை. நாங்கள் பகட்டுக்கு வாதாட வரவில்லை, கேட்பதற்கு வாதாட வந்திருக்கிறோம்.

சகோதரி ஒன்றை விட்டுவிட்டார். 2015இல் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் நடந்தது. 12 நியூஸ் என்ற உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு வனேசா ரூயிஸ் என்ற பெண்மணி செய்தி வாசிக்க வந்தார். ஆங்கிலமும் ஸ்பானியமும் வீட்டு மொழியாகவே வளர்ந்தவர். ஸ்பானியப் பெயர் வரும்போது ஸ்பானியமாகச் சொன்னார். அவ்வளவுதான். பார்க்கிறவர்களில் சிலருக்குக் கோபம் வந்துவிட்டது. "இவள் ஏன் இப்படிப் பேசுகிறாள்?" என்று எழுதிப் போட்டார்கள். அந்த அம்மாள் சண்டைக்குப் போகவில்லை. செய்தி நேரத்திலேயே அமைதியாகப் பதில் சொன்னார். சில சொற்களை அவை எப்படிச் சொல்லப்பட வேண்டுமோ அப்படிச் சொல்ல எனக்குப் பிடிக்கும். மாற்றம் கடினம்தான், போகப் போகப் பழகிவிடும் என்ற பொருள்படச் சொன்னார்.

இதில் வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த ஃபீனிக்ஸ் இருக்கிற மண் 1848 வரைக்கும் மெக்சிகோவுக்குச் சொந்தம். போர் முடிந்து ஒப்பந்தம் எழுதியபோது இந்தப் பக்கம் வந்தது. மனிதர்கள் எல்லையைத் தாண்டியது இருக்கட்டும், அங்கே எல்லையே மனிதர்களைத் தாண்டி வந்திருக்கிறது! 2020 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் பத்தில் மூன்று பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பத்துப் பேர் வீட்டில் மூன்று பேருக்குத் தங்கள் பெயர் சரியாகக் காதில் விழுந்தது. அது மீதிப் பேருக்கு ஏன் வலிக்க வேண்டும்?

ஆனாலும் நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அங்கே பக்கத்தில் மேஸா என்று ஓர் ஊர். ஸ்பானியத்தில் மேசை என்று பொருள். ஸ்பானியக்காரர் சொல்வது ஒரு மாதிரி, ஊர்க்காரர் சொல்வது ஒரு மாதிரி. அந்த விவாதத்தில் அந்த ஊர்ப் பெயரும் அடிபட்டது. ஊர்ப் பெயர் என்றால் ஊரில் குடியிருக்கிற எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பொதுக்கிணறு மாதிரி. எனவே ஊர்ப் பெயரில் எதிரணிக்குப் பாதி மார்க் போட எனக்குச் சம்மதம். (சிரிப்பு) நடுவர் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் பெயர் பொதுக்கிணறு அல்ல. அது என் வீட்டுக் குடம். என்னைக் கேட்காமல் அதில் கை வைக்கக் கூடாது. (கைதட்டல்)

மூன்றாவதாக வந்த எதிரணித் தம்பி, என்னைத் தமிழாசிரியர் என்று தெரிந்துகொண்டு தமிழாலேயே அடித்தார். "தொல்காப்பியரே வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் எழுத்தாக்கிக்கொள்ளச் சொன்னார். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கியை வீரமாமுனிவர் என்றோம். போப் துரையைப் போப்பையர் என்றோம். நாம் செய்தால் சரி, வெள்ளைக்காரன் செய்தால் தப்பா?" என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். பழைய மாணவரைப் போல இருந்தார். (சிரிப்பு)

தம்பி, தொல்காப்பியர் சொன்னது சொல்லுக்கு. செய்யுளில் அயற்சொல் வந்தால் எழுத்தை எப்படி அமைப்பது என்கிற இலக்கணம் அது. எதிரே நிற்கிற மனிதனின் பெயரைக் கேட்காமல் கடித்துத் துப்பு என்று அவர் நூற்பா எழுதவில்லை. பெஸ்கி பாதிரியார் முதலில் தைரியநாதர் என்று தமக்கே பெயர் வைத்துக்கொண்டார். தமிழ் நாவுக்கு ஏற்ற பெயரைத் தாமே தேடிக்கொண்டவர் அவர். அவர் தமிழைக் கற்று நம்மிடம் வந்தார். நாம் முனிவர் என்று மாலை போட்டோம். போப்பையர் என்ற பெயரில் 'போப்' அப்படியே இருக்கிறது. நாம் சேர்த்தது 'ஐயர்' என்ற மரியாதை ஒன்றைத்தான். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியரைச் சீகன்பால்கு என்றோம். அந்தக் கரடுமுரடான பெயரை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நம் முப்பாட்டன் பட்ட பாடு அதில் தெரிகிறதா இல்லையா? நம் எழுத்துக்கு எட்டிய வரையில் முழுசாகச் சொன்னோம். 'இவர் பெயர் எனக்கு வராது, இனி இவர் சாம்' என்று சொல்லவில்லை! (பலத்த கைதட்டல்)

பெயரைத் தமிழன் எப்படி மதித்தான் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். குறுந்தொகையில் ஒரு பாட்டு. பாடியவன் பெயர் தொலைந்து போயிற்று. தொகுத்தவர் என்ன செய்தார்? பெயரில்லை என்று விட்டாரா? அவன் பாட்டில் வந்த அழகான உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று அவனுக்குப் பெயர் சூட்டினார். பெயர் தெரியாத புலவனைக்கூடப் பெயரில்லாமல் விட மனம் வராத இனம் நாம்.

இந்தத் தலைப்பில் 'உள்ளூர்த் தொலைக்காட்சி' என்று நடுவர் ஏன் போட்டார் என்று யோசித்தேன். தேசியச் செய்தியில் ஜனாதிபதி பெயர் வரும், பிரதமர் பெயர் வரும். அதற்குக் கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது. லண்டன் பி.பி.சி.யில் 1926லேயே இதற்கென்று அறிஞர்கள் குழு ஒன்று வைத்தார்கள். பெர்னார்ட் ஷாவே அதற்குத் தலைமை தாங்கியிருக்கிறார். பெரிய மனிதர் பெயர் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சாமானியன் பெயர்? அது உள்ளூர்ச் செய்தியில்தான் வரும். அதுவும் வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோ. பிள்ளை பரிசு வாங்கினால் வரும். கடை எரிந்து போனால் வரும். இல்லையென்றால் ஆள் செத்துப்போனால் வரும். அந்த ஒரு முறை தப்பாகச் சொல்லிவிட்டால், திருத்திக்கொள்ள அவனுக்கு மறுமுறை கிடையாது!

அலட்சியம் எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதே நாட்டில் சாட்சி இருக்கிறது. 2013 ஜூலை 6ஆம் தேதி, கொரியாவின் சியோல் நகரிலிருந்து வந்த ஏசியானா விமானம் சான் பிரான்சிஸ்கோவில் தரை இறங்கும்போது நொறுங்கியது. 307 பேர் இருந்தார்கள். சீனத்து மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து, அந்தப் பகுதிக் கே.டி.வி.யு. தொலைக்காட்சியின் மதியச் செய்தியில் விமானிகளின் பெயர் என்று நான்கு பெயர்களைப் படித்தார்கள். நான்கும் பொய். எவனோ கட்டிவிட்ட கேலி. சேர்த்து வாசித்தால், 'ஏதோ தப்பாகிவிட்டது, ரொம்பத் தாழ இறங்கிவிட்டோம்' என்கிற மாதிரி ஆங்கிலம் வரும். செய்தி வாசித்த பெண் முகம் மாறாமல் வாசித்தார். திரையில் எழுத்தாகவும் போட்டார்கள். விபத்து விசாரணை வாரியத்துக்கு ஃபோன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டோம் என்றார்கள். அங்கே கோடைக்காலப் பயிற்சிக்கு வந்த ஒருவர் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் வாரியமும் மன்னிப்புக் கேட்டது, நிலையமும் மன்னிப்புக் கேட்டது.

அந்த மன்னிப்பில் நிலையத்தார் ஒப்புக்கொண்ட ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியம். அந்தப் பெயர்களை நாங்கள் யாரும் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை என்றார்கள். நடுவர் அவர்களே, ஒரு தடவை! ஒரே ஒரு தடவை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் காது பிடித்திருக்கும். சொல்லவில்லை. ஏன்? 'ஆசியப் பெயர்தானே, ஏதாவது ஒரு சத்தமாக இருக்கும்' என்ற நினைப்பு. பெயரை வெறும் சத்தமாக நினைக்கிறவனுக்குப் பெயரும் கேலியும் ஒன்றாகத்தான் தெரியும். மூன்று பிள்ளைகள் இறந்த செய்தியில் நான்கு கேலியைப் படித்தார்களே, அதை அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டிருந்தால்? 'ஊரார் நாவின்படி' என்று எதிரணி சொல்கிற பாதை இறங்கி இறங்கிப் போனால் அங்கேதான் கொண்டுபோய் விடும்! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் இன்னொன்றும் கேட்டார். "கமலா ஹாரிஸ் தம் பெயரைத் துளசேந்திரபுரத்துக்காரர் சொல்கிற மாதிரியா சொல்கிறார்? அவரே ஆங்கில நாக்கில்தானே சொல்கிறார்?" என்றார். மிகவும் நல்ல கேள்வி. ஐயா, அவருடைய தாயார் சியாமளா சென்னையில் பிறந்து 1958இல் படிக்க வந்தவர். தாத்தா ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். அந்த ஊர்ப் பெரியவர் சொல்கிற 'கமலா' வேறு, அந்த அம்மையார் சொல்கிற 'கமலா' கொஞ்சம் வேறு. ஆங்கிலத்தில் 'கமா' என்று நிறுத்தற்குறியைச் சொல்லி 'லா' சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தம் நூலிலேயே சொல்லிக் கொடுத்தார். நான் கேட்பதும் அதுதானே! எங்கள் அணியின் பெயர் என்ன? 'பெயர்க்காரர் நாவின்படி'. தாத்தா நாவின்படி என்று நாங்கள் சொல்லவில்லை, இலக்கண நூலின்படி என்றும் சொல்லவில்லை. மார்ட்டினெஸ் என்று ஒருவர், மூன்று தலைமுறையாக டெக்சாஸ்காரர், தம் பெயரை ஆங்கிலமாகவே சொல்கிறார் என்றால், அதை ஸ்பானியமாகத் திருத்துகிறவரும் தப்புத்தான் செய்கிறார். பெயர்க்காரர் வாய்தான் அகராதி.

அந்த அம்மையார் ஏறத்தாழ நான்கு ஆண்டு செனட்டராக இருந்த பிறகும், 2020 அக்டோபரில் அதே செனட்டில் கூட உட்கார்ந்திருந்த டேவிட் பெர்டியூ என்பவர், ஜார்ஜியா மாநிலக் கூட்ட மேடையில் அந்த மூன்றெழுத்தைத் திரித்துத் திரித்து, யாருக்குத் தெரியும் என்று கை விரித்தார். கூட்டம் சிரித்தது. தெரியாமல் சொன்னது பிழை. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று சொன்னது என்ன? அதற்குப் பெயர் பிழை இல்லை. மறுநாளே ஆயிரக்கணக்கானவர்கள் 'என் பெயர் இது, இதற்குப் பொருள் இது' என்று எழுத ஆரம்பித்தார்கள். 2024இல் அவர் ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றார். வெற்றி தோல்வி வேறு விஷயம். ஆனால் அந்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் அவர் வீட்டுச் சின்னப் பெண்கள் இரண்டு பேர் மேடையேறி, கூட்டத்தில் பாதியை 'கமா' என்று சொல்லச் சொல்லி, மறுபாதியை 'லா' என்று சொல்லச் சொல்லிப் பாடம் நடத்தினார்கள். அவ்வளவு பெரிய அரங்கம் அரை நிமிடத்தில் கற்றுக்கொண்டது. அரை நிமிடம்! அதற்குத்தான் நாக்கு வளையாது என்று இவ்வளவு நேரம் வாதாடினார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

இனி உங்களைக் கொஞ்சம் கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. உங்கள் வீட்டு வாசலில் வாரா வாரம் வந்து புல் வெட்டிவிட்டுப் போகிறாரே ஒரு மனிதர், அவர் பெயர் என்ன? (அமைதி) வீடு பெருக்கித் துடைக்க வருகிற அம்மாள் பெயர்? "மெக்சிகோக்காரி சார்" என்று சொல்லாதீர்கள். அது நாட்டின் பெயர், அவள் பெயரில்லை. நம் பெயரை இந்த நாடு சரியாகச் சொல்ல வேண்டும் என்று மேடை போட்டுக் கேட்கிற நாம், நமக்குக் கீழே வேலை செய்கிறவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டோமா? இதையும் எங்கள் அணியின் வாதமாகவே குறித்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. (கைதட்டல்)

மணி அடித்துவிட்டார். இரண்டு நிமிடம். ஒரே ஒரு செய்தி சொல்லிவிட்டு அமர்கிறேன். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் வந்தேன்.

என் தங்கை இந்த நாட்டில்தான் இருக்கிறாள். ஊர் வேண்டாம். அவளுக்கு ஒரே பையன். அவன் பிறந்தபோது என் தங்கை ஊருக்குப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டு வழக்கப்படி பெயர் சூட்டுகிற நாளில் தாய்மாமன் மடியில் பிள்ளையைக் கொடுப்பார்கள். குழந்தையின் காதில் வாயை வைத்துப் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். நான்தான் தேடிப் பிடித்து நல்ல தமிழ்ப் பெயர் வைத்தேன். நடுவிலே ஒரு ழகரம். தமிழாசிரியர் அல்லவா, அந்தக் கர்வம். மூன்று முறை நான்தான் சொன்னேன். அந்தப் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். என் தங்கை தொலைக்காட்சியில் இதைப் பார்ப்பாள்.

அவன் இருபத்திரண்டு வயதில், ஒரு பனிக்காலத்து இரவில், கார் விபத்தில் போய்விட்டான். (அமைதி)

தகவல் தெரிந்து நான் விமானம் ஏறி வந்து சேர்ந்தேன். நான் வருவதற்கு முந்தின நாள் மாலை ஒரு தொலைக்காட்சியில் செய்தி வந்திருக்கிறது. வாசித்தவர் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் தடுமாறி, எதையோ சொல்லி, 'மன்னியுங்கள், சொல்ல வரவில்லை' என்கிற மாதிரி லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருக்கிறார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பழக்கம். ஆனால் என் தங்கை அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அழவும் இல்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பகலில் வீட்டுக்கு ஒரு ஃபோன். இன்னொரு தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண். சின்ன வயசுக் குரல். மாப்பிள்ளையால் பேச முடியவில்லை, தங்கையிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, இன்று மாலை உங்கள் மகனைப் பற்றி நான் வாசிக்கிறேன். அவர் பெயரைச் சரியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

என் தங்கை சொன்னாள். அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். தங்கை எழுத்து எழுத்தாகப் பிரித்து மறுபடி சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று முறை, நடுவர் அவர்களே. நான் காதில் சொன்ன அதே பெயர், அதே மூன்று முறை.

மாலை ஆறு மணிக்கு அந்தப் பெண் வாசித்தாள். நிறுத்தி, நிதானமாக, முழுப்பெயரையும் சொன்னாள். ழகரம் வரவில்லை. லகரமாகத்தான் வந்தது. வந்தால் என்ன? எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் ளகரமாகத்தான் சொல்வார்கள்! அதற்குப் பிறகுதான் என் தங்கை வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள், "அண்ணா, அந்தப் பொண்ணு செய்தி படிச்ச மாதிரியே இல்லண்ணா. அவனைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

போரில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்து வைத்தவன் தமிழன். நடுகல் என்று சொல்கிறோம். கல்தச்சன் எழுத்தைக் கேட்டுத்தான் வெட்டியிருப்பான். சாதாரண மனிதனுக்கு இந்த ஊரில் மாலை ஆறு மணிச் செய்திதான் நடுகல். அதில் பெயரைப் பிழையாக வெட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

முற்றும் சரியாக வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எல்லா மொழியின் எல்லா ஒலியும் யாருக்கும் வராது. எனக்கே ஷஷெஃப்ஸ்கியைச் சொல்ல மூன்று நாள் ஆனது. நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: கேட்டுச் சொல்லுங்கள்! தமிழில் 'கேட்பது' என்றால் வாயால் வினவுவதும் கேட்பதுதான், காதால் செவிமடுப்பதும் கேட்பதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தான் தமிழன். வள்ளுவர் கல்விக்கு அதிகாரம் வைத்தார். அடுத்துக் கல்லாமைக்கு வைத்தார். அதற்கும் அடுத்துக் கேள்வி என்று பத்துக் குறள் வைத்தார். கல்லாதவனும் கேட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வழி காட்டிவிட்டுப் போனார்.

வாயால் கேளுங்கள், காதால் கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பெயர் லகரத்தில் வந்தாலும் ழகரம்தான். கேட்காமல் சொன்ன பெயர் இலக்கணத்தோடு வந்தாலும் பிழைதான்.

ஆகவே நடுவர் அவர்களே, அந்தச் செய்தி வாசித்த பெண்ணின் பெயரை அன்றைக்கு நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் இருக்கிறது. பெயர் தெரியாத அந்த மகளின் சார்பில் கேட்கிறேன். பெயர்க்காரர் நாவின்படியே சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளியுங்கள்.

(நீண்ட கைதட்டல்)